குப்பைத்தொட்டியில் கிடந்த ஏழு கட்டுரைகள்

"நேபாளக் கட்டுரை எங்கேம்மா? பட்டியல்லயே காணோமே" என்று மேடம் கேட்டபோது, பெரிய வேலை முடிந்துவிட்ட தெம்பில் உட்கார்ந்திருந்தேன். முழுதாகப் படிக்க வேண்டிய 93 கட்டுரைகளின் பட்டியலை அச்செடுத்து அவர் மேசையில் வைத்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. தள்ளியதில் போயிருக்கும் மேடம் என்றேன். "அதை எப்படித் தள்ளுவீங்க? நம்ம கேள்விக்கு நேரா பதில் சொல்ற கட்டுரை அது" என்றார். அங்கேயே மடிக்கணினியைத் திறந்து தள்ளியவற்றில் தேடினேன். இல்லை. சேர்த்ததிலும் இல்லை, தள்ளியதிலும் இல்லை. ஆனால் மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டில் தலைப்பைப் போட்டால் உடனே வந்து நிற்கிறது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. ஒன்று போயிருந்தால் பத்தும் போயிருக்கலாமே.

முதலில் வேலையைப் பற்றிக் கொஞ்சம். கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்துகிறார்கள் என்பது எங்கள் கேள்வி. இந்தியாவில் கர்ப்ப காலத்தில் 180 நாள், நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ள மாத்திரை தரச் சொல்கிறது 2018இல் தொடங்கிய அனீமியா முக்த் பாரத் திட்டம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. 180 நாளும் மாத்திரை சாப்பிட்டதாகச் சொன்ன தாய்மார் 26 விழுக்காடுதான். மாத்திரை வீட்டுக்கு வந்து சேர்கிறது, வாய்க்குள் போவதில்லை. ஏன் என்று தெற்காசியா முழுக்கப் பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். அதையெல்லாம் திரட்டி சிஸ்டமேடிக் ரிவ்யூ செய்வதுதான் திட்டம்.

கையில் கிடைத்த பத்துக் கட்டுரையைப் படித்துவிட்டு எழுதினால் அது வெறும் ரிவ்யூ. எங்கே தேடினோம், என்ன சொல் போட்டோம், எத்தனை வந்தது, எதை எதற்காகத் தள்ளினோம் என்று, இன்னொருவர் அதே தடத்தில் நடந்து பார்க்கிற மாதிரி கணக்கு வைத்தால்தான் சிஸ்டமேடிக். அந்தக் கணக்கைப் பெட்டி பெட்டியாகக் காட்டுவதுதான் பிரிஸ்மா 2020 வரைபடம். மேலே வரவு, பக்கவாட்டில் செலவு, கீழே கையிருப்பு. மளிகைக்கடை நோட்டுக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் கிடையாது. ஒரு எண் உதைத்தாலும் மதிப்பீட்டாளர் பிடித்துவிடுவார்.

நான், செவிலியர் கல்லூரியில் பாடம் எடுக்கும் ஒரு அக்கா, இழுபறி வந்தால் தீர்ப்புச் சொல்ல மேடம், தேடலுக்கு எங்கள் நூலகர் சார். கோவிடென்ஸ் மாதிரி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் முடித்துத் தரும் மென்பொருளுக்குப் பணம் கட்ட வழியில்லை. அதனால் ஒட்டுப்போட்ட ஏற்பாடுதான்: கட்டுரைகளைச் சேர்க்க ஜோட்டெரோ, சலிக்க ரய்யான், தரவெடுக்க எக்செல். ஒவ்வொன்றும் தன் வேலையை நன்றாகவே செய்கிறது. எனக்கு வந்த வினையெல்லாம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடத்தில்தான். இப்படிப்பட்ட ரிவ்யூக்களை முன்கூட்டியே பதிந்து வைக்கும் தளமான யார்க் பல்கலைக்கழகத்தின் பிராஸ்பெரோவில் திட்டத்தைப் பதிந்துவிட்டுத் தொடங்கினோம்.

தேடலில் முதல் அடி எழுத்துக்கூட்டலில் விழுந்தது. பப்மெட்டில் சும்மா சொல்லைத் தட்டினால் அதுவே அமெரிக்கக் கூட்டல், ஆங்கிலேயக் கூட்டல் இரண்டையும் எடுத்துக்கொள்ளும். மேற்கோள் குறி போட்டாலோ, தலைப்பிலும் சுருக்கத்திலும் மட்டும் தேடு என்று குறி ஒட்டினாலோ அந்த உபகாரம் நின்றுவிடும். எழுதியதை மட்டும்தான் தேடும். நான் கெட்டிக்காரத்தனமாக எல்லாச் சொல்லுக்கும் குறி ஒட்டி, அனீமியாவை அமெரிக்கக் கூட்டலில் மட்டும் எழுதியிருந்தேன். இந்திய, இலங்கை இதழ்களில் பல நடுவில் ஒரு 'ஏ' சேர்த்துத்தான் எழுதுகின்றன. 548 வந்தது. நூலகர் சார் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "நம்ம ஊர்க்காரங்க எழுதினதை நீங்களே வெளியே நிறுத்திட்டீங்களே" என்றார். இரண்டு கூட்டலையும் போட்டதும் 612. இடையில் ஒரு சாட்பாட்டிடம் தேடல் வரியை எழுதித் தரச் சொல்லிப் பார்த்தேன். அழகாகத்தான் தந்தது. அதிலிருந்த மெஷ் தலைப்புகளில், அதாவது பப்மெட் கட்டுரைகளுக்கு ஒட்டும் பொருள் தலைப்புகளில், இரண்டு மெஷ் பட்டியலிலேயே இல்லை.

அப்புறம் ஏற்றுமதி. பப்மெட்டில் சேமி என்று அழுத்தினால் 'இந்தப் பக்கத்தில் உள்ளவை' என்பதுதான் முதலில் தேர்வாகியிருக்கும். பக்கத்துக்குப் பத்து. ஜோட்டெரோவில் ஏற்றியதும் பத்தே பத்து கட்டுரை வந்து நின்றது. இது சிரித்துவிட்டுப் போகிற தப்பு, உடனே தெரிந்துவிடும். ஸ்கோபஸ் என்ற இன்னொரு தேடுதளத்தில் செய்தது அப்படித் தெரியவில்லை. ஏற்றுமதிப் பெட்டியில் அப்ஸ்ட்ராக்டுக்கு, அதாவது கட்டுரைச் சுருக்கத்துக்கு, தனியாக டிக் போட வேண்டும். போடவில்லை. தலைப்பும் ஆசிரியர் பெயரும் ஒழுங்காக வந்ததால் எண்ணிக்கை சரியாகவே காட்டியது. நாலு நாள் கழித்து ரய்யானில் ஏற்றிப் பார்த்தால் ஒன்றுவிட்டு ஒன்று வெறும் தலைப்பு மட்டும். திரும்ப முதலிலிருந்து.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டேன். கட்டுரை விவரங்களை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் ஆர்ஐஎஸ் கோப்பை நோட்பேடில் திறந்தால் அது வெறும் எழுத்துதான். ஒவ்வொரு பதிவும் 'டிஒய்' என்ற வரியில் தொடங்கி 'ஈஆர்' என்ற வரியில் முடியும். நடுவில் ஆசிரியருக்கு ஒரு வரி, தலைப்புக்கு ஒரு வரி, அப்ஸ்ட்ராக்டுக்கு 'ஏபி' என்று ஒரு வரி. 'ஈஆர்' எத்தனை முறை வருகிறது என்று எண்ணச் சொன்னால் மொத்தப் பதிவு தெரியும். 'ஏபி' எத்தனை என்று எண்ணினால் அப்ஸ்ட்ராக்ட் இல்லாதவை எத்தனை என்று தெரியும். ஏற்றுமதி செய்த கையோடு இந்த இரண்டையும் எண்ணி நோட்டில் எழுதிவிடுவேன். எங்கள் நோட்டின் முதல் பக்கம்: பப்மெட் 612, ஸ்கோபஸ் 845, சினால் (செவிலியத் துறைக் கட்டுரைத் தளம்) 238. மொத்தம் 1,695.

இனி இரட்டைகளை நீக்குவது. ஒரே கட்டுரை மூன்று தளத்திலும் இருந்தால் மூன்று முறை வரும். ஜோட்டெரோவில் இதற்கென்றே ஒரு பகுதி உண்டு. தலைப்பு, டிஓஐ (கட்டுரைக்கான நிரந்தர அடையாள எண்) இவற்றை வைத்து ஜோடி சேர்க்கும். ஆண்டு ஒன்றுக்கு மேல் தள்ளியிருக்கிறதா, ஆசிரியரில் ஒருவராவது ஒத்துப்போகிறாரா என்றும் பார்க்கும். ஜோடியைக் காட்டிவிட்டு, இணைக்கட்டுமா என்று கேட்கும். ஒவ்வொன்றாகத்தான் இணைக்க வேண்டும். நானூற்றுச் சொச்சம் தடவை ஒரே பொத்தானை அழுத்துவது ஒருவர் விரலுக்குத் தாங்காது என்று, என் ஜோட்டெரோ கணக்கையே அக்காவின் கணினியிலும் திறந்து, ஆளுக்குப் பாதி பிரித்துக்கொண்டோம். இங்கேதான் விதை விழுந்தது என்பது அப்போது தெரியாது.

இணைக்க மறுக்கும் ஜோடிகள் சில உண்டு. ஒரே கட்டுரைதான். ஆனால் ஒரு தளத்திலிருந்து வந்தது ஜர்னல் கட்டுரை என்றும், இன்னொன்றிலிருந்து வந்தது மாநாட்டுக் கட்டுரை என்றும் வகை குறிக்கப்பட்டிருக்கும். வகை வேறானால் ஜோட்டெரோ இணைக்காது. எங்களுக்கு அப்படி 19 ஜோடி. செய்ய வேண்டியது ரொம்ப எளிது: வலப்பக்கப் பலகையில் ஒன்றின் வகையை மாற்றிவிட்டால் பொத்தான் உயிர்பெற்றுவிடும். அது அப்போது எனக்குத் தெரியாது. இரவு பதினொரு மணிக்கு என்ன தோன்றுமோ அதுதான் தோன்றியது: இரண்டில் ஒன்றை அழித்துவிடுவது. அழித்தேன். 19ஐயும்.

சலிக்கிற கட்டம் உண்மையில் சுவாரசியமானது. முதலில் நூறு கட்டுரையை இருவரும் ஒருவர் முடிவை ஒருவர் பார்க்காமல் சலித்தோம். ரய்யானில் அந்த மறைப்பைப் போட்டுவிட்டால் அடுத்தவர் என்ன சொன்னார் என்று தெரியாது. 86இல் ஒத்துப்போனோம். ஆகா என்று நினைத்தேன். கப்பா போட்டுப் பார்த்தால் 0.55தான். தள்ள வேண்டியதே அதிகம் இருக்கும்போது, கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் தள்ளினாலும் நிறைய ஒத்துப்போகும். அந்த அதிர்ஷ்டத்தைக் கழித்துவிட்டுச் சொல்வதுதான் கப்பா. நான் மட்டும் சேர்த்தவை 9, அக்கா மட்டும் சேர்த்தவை 5. உட்கார்ந்து பேசியபோது காரணம் பளிச்சென்று தெரிந்தது: கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையும் ஒன்றாகச் சேர்த்த ஆய்வுகளை நான் எடுத்துக்கொண்டிருந்தேன், அக்கா தள்ளிக்கொண்டிருந்தார். கர்ப்பிணிகளுக்குத் தனியாகக் கணக்குக் கொடுத்திருந்தால் மட்டும் சேர்ப்பது என்று விதியில் ஒரு வரி கூட்டினோம். அடுத்த நூறில் கப்பா 0.78. அந்த ஒரு வரிக்காக ஒரு சாயங்காலம் போனது. போகட்டும், பின்னால் பத்து சாயங்காலம் மிச்சமானது.

ரய்யானில் சேர்க்கத் தூண்டும் சொல்லைப் பச்சையிலும் தள்ளத் தூண்டும் சொல்லைச் சிவப்பிலும் காட்டச் செய்யலாம். பன்றிக்குட்டி என்பதைச் சிவப்புப் பட்டியலில் முதல் சொல்லாகச் சேர்த்தேன். சினைப்பன்றிகளுக்கும் குட்டிகளுக்கும் இரும்புச்சத்து கொடுப்பது பற்றி உலகம் இவ்வளவு எழுதி வைத்திருக்கிறது என்று எனக்கு இதற்கு முன் தெரியாது.

சரி, காணாமல் போன கட்டுரைக்கு வருகிறேன்.

எங்கே விட்டோம் என்று கண்டுபிடிக்க, வந்த வழியே பின்னால் நடந்தேன். ரய்யானில் இல்லை. ரய்யானுக்கு அனுப்பிய கோப்பில் இல்லை. ஜோட்டெரோ நூலகத்தில் இல்லை. பப்மெட்டிலிருந்து இறக்கிய மூலக் கோப்பில் இருந்தது, ஸ்கோபஸ் மூலக் கோப்பிலும் இருந்தது. ஆக, ஜோட்டெரோவுக்குள் இரண்டாக நுழைந்து பூஜ்யமாக வெளியேறியிருக்கிறது.

ஒரு கட்டுரைக்குத்தான் தலைப்பு தெரியும். மற்றவை இருந்தால் எப்படிப் பிடிப்பது? எக்செலில் ஒரு பக்கம் மூலக் கோப்புகளின் 1,695 தலைப்பு, மறுபக்கம் ரய்யானுக்கு அனுப்பிய பட்டியலின் 1,207 தலைப்பு. கவுன்ட்இஃப் சூத்திரத்தைப் போட்டு, இடப்பக்கத் தலைப்பு வலப்பக்கத்தில் எத்தனை முறை இருக்கிறது என்று கேட்கலாம். பூஜ்யம் வந்தால் அது தொலைந்தது. நேராகப் போட்டால் நூற்றுக்கணக்கில் பூஜ்யம் வந்தது. ஒரு தளம் தலைப்பின் கடைசியில் புள்ளி வைக்கும், இன்னொன்று வைக்காது. ஒன்று முக்காற்புள்ளி போடும் இடத்தில் மற்றது கோடு போடும். தலைப்பில் கேள்விக்குறி இருந்தால் கவுன்ட்இஃப் அதை 'எந்த எழுத்தானாலும் சரி' என்று எடுத்துக்கொள்ளும். 255 எழுத்துக்கு மேல் நீண்ட தலைப்பில் சூத்திரமே படுத்துவிடும். அதனால் எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கி, இடைவெளி, நிறுத்தக்குறி அத்தனையும் நீக்கி, முதல் நாற்பது எழுத்தை மட்டும் வெட்டி எடுத்து, அதை வைத்து ஒப்பிட்டேன்.

ஒரே கட்டுரையின் நகல்களை ஒன்றாக எண்ணினால் 11 பூஜ்யம். ஒவ்வொன்றாகக் கையால் பார்த்ததில் 4 பொய். ஆங்கிலமல்லாத கட்டுரையின் மொழிபெயர்த்த தலைப்பை பப்மெட் சதுர அடைப்புக்குள் போடும், அந்த அடைப்பை நீக்க மறந்திருந்தேன். அதனால் இரண்டு. துணைத்தலைப்பு முன்னால் ஏறிக்கொண்டதால் இன்னும் இரண்டு. மீதி ஏழும் நிஜமாகவே காணோம். ஏழும் அந்த 19 ஜோடியில் இருந்தவை.

அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, அந்த இணையாத ஜோடி இருந்துச்சே, அதை நீங்க எதுவும் தொட்டீங்களா?"

"ஆமா, நீ தூங்கியிருப்பேன்னு நானே அழிச்சுட்டேன். அன்னிக்கு வீட்ல நெட் இல்ல, காலையிலதான் வந்துச்சு. ஏன்?"

"எந்தப் பக்கத்தை அழிச்சீங்க?"

"எதுல அப்ஸ்ட்ராக்ட் சின்னதா இருந்துச்சோ அதை. நீ?"

நான் ஜர்னல் என்று இருந்ததை வைத்துக்கொண்டு மாநாடு என்று இருந்ததை அழித்தேன். 12 ஜோடியில் இருவரும் ஒரே நகலை அழித்திருக்கிறோம். 7 ஜோடியில் ஆளுக்கொன்று. அவர் கணினி இணையம் இல்லாமல் இருந்ததால் நான் அழித்தது அங்கே தெரியவில்லை. காலையில் இரண்டும் ஒத்திசைந்தபோது, ஜோட்டெரோ இருவர் சொன்னதையும் சமர்த்தாகக் கேட்டுக்கொண்டது. ஒரே ஆள் இரண்டு கணினியில் வேலை செய்கிறார் என்றுதான் அது நினைத்திருக்கும். ஒரே கணக்கை இருவர் பயன்படுத்தியது என் யோசனை, அதனால் பழியும் என்மேல்தான்.

ஜோட்டெரோவில் அழித்தது உடனே போய்விடாது, குப்பைத்தொட்டியில் கிடக்கும். ஆனால் 30 நாளானால் தானே காலியாகிவிடும்படி அமைத்திருப்பார்கள். நான் திறந்தது 23ஆம் நாள். நகல் நகலாக எல்லாம் அங்கே இருந்தன, நேபாளக் கட்டுரை இரண்டு முறை. மூலக் கோப்புகள் பத்திரமாக இருந்ததால் தொட்டி காலியாகியிருந்தாலும் கட்டுரைகளை மீட்டிருப்பேன். ஆனால் யார் எதை அழித்தார்கள் என்ற தடம் போயிருக்கும். கணக்கில் ஏழு இடித்ததற்குக் காரணம் எழுத முடியாமல் முழித்திருப்பேன். ஏழிலும் தலா ஒரு நகலை வலது சொடுக்கிட்டு மீட்டெடுத்து, தனி ஆர்ஐஎஸ் கோப்பாக்கி, 'மீட்டவை' என்று பெயரிட்டு ரய்யானில் ஏற்றினோம். இருவரும் மறைப்போடு சலித்தோம். ஐந்து தள்ளுபடி, இரண்டு முழு வாசிப்புக்கு. அதில் ஒன்று மேடத்தின் நேபாளம்.

மேடம் திட்டவில்லை. வேறு ஒன்று சொன்னார்: வேலை தொடங்கும் முன்பே, கட்டாயம் வந்தாக வேண்டிய பத்துக் கட்டுரையை அவர் எங்களுக்குக் கொடுத்திருந்தார். தேடல் வரி சரியா என்று பார்க்க அந்தப் பத்தும் சிக்குகிறதா என்று சோதித்தோம், சிக்கின. அதோடு அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டேன். இரட்டை நீக்கிய பிறகு ஒரு முறை, ரய்யானில் ஏற்றிய பிறகு ஒரு முறை அதே பத்தைத் தேடியிருந்தால் ஐந்து நிமிடத்தில் பிடித்திருக்கலாம். இப்போது அந்தத் தாள் திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.

தரவெடுக்கும்போது எக்செல் தன் பங்குக்கு ஒன்று செய்தது. மாத்திரை அளவு என்ற பத்தியில் அக்கா '1-2' என்று தட்டியிருக்கிறார், நாளைக்கு ஒன்றிரண்டு என்ற பொருளில். எக்செல் அதை பிப்ரவரி முதல் தேதி ஆக்கிவிட்டது. இதழ் எண் '3-4' என்றால் ஏப்ரல் மூன்று. பத்தியை முதலிலேயே உரை வடிவத்துக்கு மாற்றிவிட்டுத் தட்டினால் இது வராது. தட்டிய பிறகு மாற்றினால் தேதி போய் நாற்பதாயிரத்துச் சொச்சம் என்று ஒரு எண் வந்து நிற்கும், பழைய '1-2' திரும்பாது. மூலக் கட்டுரைகளைத் திரும்பத் திறந்து ஒன்பது கட்டங்களைக் கையால் திருத்தினோம்.

எல்லாம் முடிந்த பிறகு, ஆசைக்காக, உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் செய்து இலவசமாக விட்டிருக்கும் ஏஎஸ்ரிவ்யூவை நிறுவிப் பார்த்தேன். பொருத்தமானதில் சிலதையும் பொருந்தாததில் சிலதையும் காட்டிக் கொடுத்தால், நாம் சொல்லச் சொல்லக் கற்றுக்கொண்டு, பொருந்தக்கூடியதை மேலே மேலே தள்ளித் தரும். எங்கள் பட்டியலைக் கொடுத்தபோது நல்லவையெல்லாம் சீக்கிரமே மேலே வந்துவிட்டன, பன்றிக்குட்டிகள் அடியில் போய்விட்டன. எங்கே நிறுத்துவது என்ற கேள்விதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. 1,177 கட்டுரைக்கு இரண்டு ஆள் போதும். எட்டாயிரம் வந்திருந்தால் இதைத்தான் நாடியிருப்பேன். ஆனால் உள்ளே நுழையாமலே தொலைந்த கட்டுரையை எந்த அறிவும் மேலே கொண்டுவராது.

நோட்டின் கடைசிப் பக்கம் இப்படி நிற்கிறது. வந்தது 1,695. ஜோட்டெரோவில் நீக்கிய இரட்டை 481, ரய்யான் காட்டிக் கொடுத்த இரட்டை 37. சலித்தது 1,177. தலைப்பும் சுருக்கமும் பார்த்துத் தள்ளியது 1,082. முழுக் கட்டுரை தேடியது 95. எவ்வளவு கேட்டும் கிடைக்காதது 4. படித்தது 91. காரணம் எழுதித் தள்ளியது 68. சேர்ந்தது 23.

அக்காவுக்குத் தனிக் கணக்குத் தொடங்கிக் கொடுத்துவிட்டேன். என் ஜோட்டெரோ அமைப்பில் அந்த 30ஐ 365 ஆக்கியிருக்கிறேன்.